நாளொன்றுக்கு அரைச் சாண்

வெள்ளாங்கரையில் அந்தக் குண்டைச் சுட்டது பத்து வருஷத்துக்கு முந்தின ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. அது பேச்சித்தாயின் நெஞ்சைத் தொட இன்னும் பதினோரு சாண் இருக்கும்போதுதான் அதைத் திருகும் திருகாணி என் கைக்கு வந்தது. நடுவில் இந்த ஊர் பத்து வருஷமாக என்னத்தைக் கிழித்தது என்று கேட்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு மாதிரி சொல்லிவிடுவார்கள்.

சுட்டுப் பழக இடம் வேண்டும் என்று போலீஸ்காரர்கள் எங்கள் உப்பளங்களைக் கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்றோம். எங்கள் மேலேயே சுட்டுப் பழகினார்கள். இதுதான் மொத்த விஷயம், மற்றதெல்லாம் காகிதம். அன்றைக்கு உப்பளத்து ஆட்கள் கச்சேரித் தெருவில் ஊர்வலமாகத் திரண்டு, என் பழைய இரும்புக் கடைக்கு முன்னால் வந்தபோது, தெருவின் அந்தக் கடைசியில், நானூறு மீட்டருக்கு அப்பால், சப்-கலெக்டர் ஆபீஸ் மொட்டை மாடியில், ஒருத்தன் தூரம் சொல்ல ஒருத்தன் குப்புறப் படுத்துக்கொண்டு துப்பாக்கியின் மேலிருந்த தூரதரிசினிக் குழலை டிக் டிக்கென்று நாலாம் நம்பருக்குத் திருகி வைத்தான். கல்லெறிகிற தூரத்தில் வந்த கூட்டத்தைக் கலைக்கவில்லை அய்யா, கண்ணால் முகம் தெரியாத தூரத்தில் நின்றவர்களை முகம் பார்த்துச் சுட்டான். ஆறு தடவை சுட்டான், ஆறு பேர் விழுந்தார்கள். ஏழாவதாக ஒரு சத்தம் கேட்டது. யாரும் விழவில்லை. அன்றைய வெயிலில் தார் ரோட்டின் கானல் உருகிய வெல்லம் மாதிரிக் கெட்டியாக நின்றது, குண்டு அதில் சிக்கிக்கொண்டது என்று சிலர் சொல்வார்கள்; எனக்குத் தெரிந்ததெல்லாம், கிளம்பியது, வந்து சேரவில்லை.

நான் அன்றைக்குக் கடைக்குள்தான் இருந்தேன். என் கடைக்கு இரண்டு ஷட்டர். இரண்டையும் இழுத்துவிட்டுவிட்டு உள்ளே இரும்புக்குள் இரும்பாகக் கிடந்தேன். பேச்சித்தாயின் புருஷன் உய்க்காட்டான் இடதுபக்க ஷட்டரைக் கையால் மூன்று தடவை அறைந்து, "தூக்குங்க அண்ணாச்சி" என்றான். நான் தூக்கவில்லை. அவன்தான் ஆறாவது. அவன் அறைந்த இடத்தில் தகரம் குழிந்துபோனது இன்னும் அப்படியே இருக்கிறது. அந்த ஷட்டரை அதற்குப் பிறகு நான் தூக்கியதே இல்லை, வலதுபக்கத்து வழியாகவே பத்து வருஷம் வியாபாரம் பார்த்தேன்.

விசாரணைக் கமிஷன் வந்தது, டீ குடித்தது, ஆறு குண்டு என்று எழுதியது, போனது. அது போன இரண்டாம் மாதம், ஆபீஸ் பக்கத்து மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன் ஒருத்தன் மேலேயிருந்து கத்தினான்: "யார்ல இது, காத்துல ஆணி அடிச்சி வச்சிருக்கது?"

ஆணி இல்லை, குண்டு. ஒரு விரல் நீளம், செம்பு நிறம், மூக்கு எங்கள் பக்கம். நாளொன்றுக்கு அரைச் சாண் நகர்ந்துகொண்டிருந்தது. மறித்து வைத்த பலகையை ஓட்டை போட்டுக்கொண்டு நகர்ந்தது, என் கடையிலிருந்து கொண்டுபோய்க் காட்டிய அரையங்குல இரும்புத் தகட்டை இட்லியில் விரல் விட்ட மாதிரித் துளைத்துக்கொண்டு நகர்ந்தது, மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, ஞாயிற்றுக்கிழமையும் நகர்ந்தது.

ஊர் என்றால் அது எதையும் செரித்துவிடும். முதல் வருஷம் பயந்தார்கள், இரண்டாம் வருஷம் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் வருஷம் பழகிவிட்டார்கள். குண்டு தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது பிறந்தவன், குண்டு பாத்திரக்கடைக்கு நேரே வந்தபோது வயதுக்கு வந்தவள் என்று பிள்ளைகளுக்கு நாள் கணக்குச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் அதை வைத்தே வேகமும் தூரமும் நடத்தினார். மாடியிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டதால் வருஷத்துக்கு வருஷம் அது தாழ்ந்து வந்தது, லாரி உயரத்துக்கு வந்தபோது லாரிக்காரர்கள் வேறு தெருவில் போனார்கள், தலைப்பாகை உயரத்துக்கு வந்தபோது தலைப்பாகையை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். தெரு லேசாக வளைகிற இடத்தில், சுட்டதற்குப் பிற்பாடு எழும்பிய டெய்லர் மைதீனின் கடைக்குள் ஒரு சுவரில் நுழைந்து மறு சுவரில் வெளியேற அதற்கு ஐம்பது நாள் ஆனது, ஐம்பது நாளும் மைதீன் குனிந்தபடியே பெருநாள் துணி தைத்துக் கொடுத்தார், தைத்ததில் ஒரு சட்டைக்கும் கழுத்து சரியாக வரவில்லை. எட்டாம் வருஷம் யாரோ அதற்கு ஒரு குடை பிடித்தார்கள், யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள், ஒன்பதாம் வருஷம் அதன் பெயர் ஏழாஞ்சாமி ஆகிவிட்டது, பத்தாம் வருஷம் மாலை, சந்தனம், கொடைத் திருவிழா.

யார் சுட்டது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. வழிவிட்டார்கள். இந்த ஊருக்கு வழிவிடத் தெரியும்.

ஆபீஸ்காரர்களைச் சொல்ல வேண்டும். எங்கள் வி.ஏ.ஓ இஸ்ரவேல் தினமும் காலையில் அந்தத் தெருவில்தான் ஆபீஸுக்குப் போவார். குண்டு கழுத்து உயரத்தில் நின்ற காலத்தில், அதன் கிட்டே வந்ததும் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து அதன் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் நிமிர்வார். ஒருநாள் நான் மறித்துக் கேட்டேன்.

"என்ன சார், எதுக்குக் குனியுதீரு?"

"என்னது?"

"ஆறு குண்டுதான்னு உங்க காயிதம் சொல்லுது. இல்லாத குண்டுக்கு எதுக்கு வே குனியுதீரு?"

"முதுகு வலி அண்ணாச்சி" என்றார்.

அந்தக் குண்டு யாரைக் குறிவைத்துச் சுட்டது என்று கணக்கு வாத்தியார் இரண்டாம் வருஷமே நூல் பிடித்துச் சொல்லிவிட்டார். உய்க்காட்டான் விழுந்தபோது அவன் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தவள் பேச்சித்தாய். அவள் நின்ற இடத்தில், அவள் நெஞ்சில், நூல் முடிந்தது. அன்றைக்கு மறுநாளிலிருந்து அவள் அந்த இடத்தில்தான், என் கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால், வெயிலில், உப்புச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். கிழிந்த சாக்கு வந்தால் அதன் வாயை விரித்துத் தலையை உள்ளே விட்டு அடிப்பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டிப் பார்ப்பாள். எங்கெங்கே பொத்தலோ அங்கெல்லாம் வெளிச்சம் குத்தும். தலையை வெளியே எடுத்துக் கோணி ஊசியால் நேரே அந்த இடத்தைத் தைப்பாள். குண்டு தாழத் தாழ அவளும் கீழே போடுகிற சாக்குக் கட்டை ஏற்றி இறக்கி, அது தன் நெஞ்சுக்கு நேராக இருக்கும்படி உட்கார்ந்துகொண்டாள்.

நாலடி தள்ளி உட்கார் என்று இந்த ஊரில் அவளிடம் சொல்லாத ஆள் கிடையாது. கெஞ்சினார்கள், திட்டினார்கள், ஒருநாள் நாலு பேராகத் தூக்கிக்கொண்டுபோய் நிழலில் வைத்தார்கள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். நானும் கத்தியிருக்கிறேன்.

"நாலடி, தாயி. நாலே நாலடி. என் கடை வாசல்லதான, நிழல்லதான உக்காரச் சொல்லுதேன்?"

"நான் நவுந்தா அது என்ன செய்யும் அண்ணாச்சி?"

"தாண்டிப் போயி கடல்ல விழும்."

"விழுந்தா?"

"விழுந்தா என்ன, சனியன் தொலஞ்சிது."

"விழுந்தா சுடவே இல்லன்னு ஆயிரும்" என்றாள், ஊசியில் சணல் கோத்துக்கொண்டே. "ஆறு பேரு செத்தாவ, ஆறோட முடிஞ்சிது, அதுக்கு மேல அவன் கை ஓங்கவே இல்லம்பானுவோ. எம் புருசன் விழுந்த பொறவும் அவன் திருகாணியத் தொட்டான், என்னையப் பாத்தான், சுட்டான். அத எழுதட்டும். எழுதுனா நவுருதேன். எழுதலயா, அது எங்கிட்ட வந்து சேரட்டும். ஏழாவது பொணத்த எண்ணாமப் போவ முடியாதுல்லா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேலே, ஊர் மேலே, எல்லாவற்றுக்கும் மேலே அந்த இடதுபக்க ஷட்டர் மேலே.

குழல் கிடைத்தது இப்படி. ஆயுதக் கிடங்கில் கண்டம் என்று கழித்துப் போட்ட சாமான்களை ஏலம் விட்டார்கள். உடைந்த லத்தி, நசுங்கிய ஹெல்மெட், கட்டில் கால். நான் இரும்பை எடை போடுகிறவன் மட்டுமல்ல, விற்கிறவன் முகத்தையும் எடை போடுகிறவன். கிடங்குக் குமாஸ்தா ஒரு சாக்கை மட்டும் என் பார்வையிலிருந்து காலால் தள்ளிக்கொண்டே இருந்தான். நான் மற்ற எல்லாவற்றையும் குறை சொல்லி, கோபித்துக்கொண்டு வாசல் வரை போய், திரும்பி வந்து, அந்தச் சாக்கும் சேர்ந்தால்தான் லாட்டை எடுப்பேன் என்றேன். பட்டியலில் அது "உடைந்த தொலைநோக்கி – ஒன்று". உடையவில்லை. முழங்கை நீளக் கறுப்புக் குழல், ஒரு வாய் அகலம், ஒரு வாய் குறுகல், முதுகில் ஒன்றிலிருந்து எட்டு வரை நம்பர் போட்ட திருகாணி, அது நாலில் நின்றது. சுட்ட துப்பாக்கியை ஒளித்துவிட்டார்கள், குழலை ஒளிக்க இடமில்லாமல் எனக்கு விற்றுவிட்டார்கள். சாட்சியைக் கூட கிலோ விலைக்குப் போடுகிற அரசாங்கம் இது.

கடையில் உட்கார்ந்து திருகாணியை ஒரு டிக் திருப்பினேன். வெளியே பூசாரி, "ஏ, சாமி அசையுது!" என்று கத்தினார். எட்டிப் பார்த்தேன். குண்டு ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது, மாலை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு டிக் பின்னால் திருப்பினேன். இறங்கியது.

பதினோரு சாண். இருபத்திரண்டு நாள்.

விஷயம் தெருவில் பரவி, அரை மணி நேரத்தில் வியாபாரிகள் சங்கத் தலைவர் எண்ணெய்க்கடை லிங்கதுரை வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, எல்லாம் ஒம்ம கையில இருக்கு. நாப்பது டிக் தூக்கிவிட்டா அவ தலைக்கு மேல போயிரும். பாவம், பொம்பள."

"இந்தா, தூக்குதேன்."

"இரும், இரும். கொடை முடியட்டும். பந்தல் போட்டாச்சி, வில்லுப்பாட்டுக்கு ஆள் சொல்லியாச்சி."

"கொடை எப்ப?"

"இன்னைக்கி முப்பதாம் நாளு."

"இருவத்திரண்டாம் நாளு அவ செத்துருவா வே!"

"அதான் அவள நாலடி தள்ளி…"

கையில் அகப்பட்ட ஸ்பேனரை எறிந்தேன். குறி தவறியது, நான் திருகாணி வைத்துச் சுடுகிறவன் இல்லை.

அவர் போனதும் குழலை எடுத்துக்கொண்டு பேச்சித்தாயிடம் போனேன். தூக்கிவிடப் போகிறேன் என்றேன்.

"ஒரு டிக் திருப்புனீங்க," என்றாள், "ஒங்க கடை இரும்ப எடுத்தே ஒங்க மண்டையில போடுவேன். அன்னைக்கித் தூக்க வேண்டியதத் தூக்காதவரு, இன்னைக்கி எதுக்கு இதத் தூக்கணும்?"

பத்து வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் திரும்பிக் கடைக்குள் போய்விட்டேன்.

பத்தாம் நாள் இஸ்ரவேல் வந்தார். ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் குழலத் திருப்பிக் குடுத்துருங்க அண்ணாச்சி. தப்பா லாட்டுல வந்துட்டு. பெரிய ஐயாவே சொல்லி அனுப்புனாவ."

"பதிலுக்கு?"

"ரயில்வே ஷெட்டுக் கண்டம் மொத்தமும் உங்களுக்கு. ஏலமே கிடையாது."

வாழ்க்கையில் அப்படி ஒரு பேரம் எனக்கு வந்ததில்லை. குப்பை பொறுக்கி ஆரம்பித்தவன் நான். தண்டவாளத்தைக் கனவில்தான் பார்த்திருக்கிறேன். நாக்கில் தண்ணீர் ஊறியது என்பதை மறைக்கவில்லை.

"ஷெட்டு வேண்டாம்," என்றேன். "ஏழுன்னு எழுதிக் குடும். ஒங்க சீல் வச்சி. ஒத்த வரி."

"அது மட்டும் முடியாது."

"ஆயிரம் டன் இரும்பு குடுக்க முடியுது, ஒரு வரி குடுக்க முடியல?"

"இரும்பு எங்களுது. வரி எங்களுது இல்ல" என்றார். அந்த ஆளும் நொந்துபோய்த்தான் இருந்தார் என்று அப்போது தெரிந்தது. அதற்காக நான் இறங்கி வரவில்லை.

சாண் குறைந்துகொண்டே வந்தது. ஐந்து, மூன்று, இரண்டு. ஜனம் அவளைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடியது. சிலர் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். உயிரோடு இருக்கிறவளைச் சாமியாக்கிவிட்டால் அவளைக் காப்பாற்ற வேண்டிய வேலை மிச்சம் பாருங்கள். ஒரு சாண் ஆனபோது, இரண்டு நாள் மட்டும் இருக்கும்போது, நான் பொறுக்க மாட்டாமல் குழலைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டேன்.

"நான் தூக்கல. நீயே வச்சிக்க. ஒன்னையச் சுட்டவன் எந்த ஓட்ட வழியாப் பாத்தான்னு நீயும் பாத்துட்டுச் சாவு."

சொல்லக் கூடாத பேச்சு. ஆனால் அழுகை வருகிற இடத்தில் எனக்கு எப்போதும் வசவுதான் வரும்.

அவள் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டுக் குழலை எடுத்தாள். அகலமான வாய் எது என்று தடவிப் பார்த்தாள். அதைக் கண்ணில் வைத்துக் குறுகிய வாயை ஆபீஸ் பக்கம் நீட்டினாள்.

"ஏ, தலகீழாப் புடிச்சிருக்க! திருப்பு!"

"சாக்க வாய்ப் பக்கமாத்தான் பாக்கணும்" என்றாள்.

பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தெருக்கோடியில் மூன்று மாடிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற அந்தக் கட்டடம் அந்த வழியாகப் பார்த்தால் தீப்பெட்டி அளவு. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த காவல்காரன் எறும்பு அளவு. வாசலில் நின்ற ஜீப்பு, கொடிக்கம்பம், ஜன்னலுக்கு ஜன்னல் உட்கார்ந்திருந்த ஐயாமார் எல்லாரும் உப்புக்கல் அளவு.

"இம்புட்டுக்காணாடா நீங்க?" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் அந்தக் குண்டு நடுங்கியது, மாலை அறுந்து விழுந்தது, கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிற மாட்டைப் போல மெல்லத் தன் மூக்கைத் திருப்பி, பின்புறத்தை அவளுக்குக் காட்டி, வந்த வழியைப் பார்த்து நின்றது. மறுநாள் காலை கணக்கு வாத்தியார் அளந்தார். ஒன்றரைச் சாண்.

திரும்பிப் போகிறது. நாளொன்றுக்கு அரைச் சாண். ஆபீஸ் போய்ச் சேர இன்னும் பத்து வருஷம்.

பூசாரி அழுதார். லிங்கதுரை கொடைக்குப் பந்தலை எந்தப் பக்கம் பார்த்துத் திருப்பிப் போடுவது என்று கேட்டார். அதையெல்லாம் விடுங்கள், ஆபீஸில் நடந்ததைக் கேளுங்கள். முதல் நாள் மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டார்கள். இரண்டாம் நாள் பெரிய ஐயாவின் நாற்காலியை ஜன்னலைவிட்டு நகர்த்தினார்கள். மூன்றாம் நாள் மேசை, நாலாம் நாள் பீரோ, ஐந்தாம் நாள் ஆபீஸ் முழுக்கப் பின்கட்டுக்கு மாறியது. ஆறாம் நாள் முன்பக்கம் சுவர் எழுப்ப வேண்டும் என்றார்கள். எங்கள் நெஞ்சுக்கு நேரே பத்து வருஷம் வந்தபோது அவசரமில்லாத குண்டு, அவர்கள் பக்கம் மூக்கைத் திருப்பினதும், வந்து சேரப் பத்து வருஷம் இருக்கும்போதே, அவர்களுக்குப் பத்து நாள் பொறுக்கவில்லை.

ஆனால் சர்க்கார் சுவர் சும்மா எழும்பாது. அதற்கு ஃபைல் வேண்டும், ஃபைலுக்குக் காரணம் வேண்டும், காரணத்தை எழுத வேண்டும். முதுகு வலி என்று எழுதிப் பார்த்தார்களோ என்னவோ, மேலே போனது திரும்பி வந்திருக்கும்.

பத்தாம் நாள் பகல் இஸ்ரவேல் வந்தார். கையில் ஒரு தாள், அதற்கொரு நகல், இரண்டிலும் கீழே சீல். நேரே பேச்சித்தாய்க்கு முன்னால் போய் நின்றார்.

"பாதிக்கப்படுறவுங்க சம்மதம் வேணுமாம் தாயி. ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெழுத்து."

"வாசிங்க."

அவர் என்னைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மைதீன் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்திருந்தார். இஸ்ரவேல் வாசித்தார்.

"மேற்படி அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, மேற்படி தேதியில், உய்க்காட்டான் மனைவி பேச்சித்தாய் என்பவரை நோக்கி ஏழாவதாகச் சுடப்பட்டு, தற்போது அதே கட்டடத்தை நோக்கி நாளொன்றுக்கு அரைச் சாண் வீதம் திரும்பிக்கொண்டிருக்கும் குண்டிலிருந்து அலுவலர்களின் உயிரைப் பாதுகாக்கும் பொருட்டு…"

"என்னது, ஏழாவதா?"

"ஏழாவதாக."

"சத்தமா வாசிங்க. ஒங்களுக்கு முதுகுதான வலி, தொண்ட நல்லாத்தான இருக்கு?"

மறுபடி வாசித்தார். தெருக்கோடி வரை கேட்டது. மூன்றாம் தடவை வாசிக்கச் சொன்னாள், வாசித்தார். வாசித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கு இரக்கம் வரவில்லை.

பேச்சித்தாய் தாளை வாங்கி மடியில் விரித்து, "ஆட்சேபணை இல்லை" என்று அடித்திருந்ததில் "இல்லை"யை மட்டும் கோணி ஊசியால் கீறி எடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, இன்னொரு நகலை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சுவரு கெட்டப்புடாது. நாங்க சுவரு கெட்டுனமா?"

இஸ்ரவேல் குனியாமல் போனார். குண்டு அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். முழங்கால் சொடக்கென்றது. ஊசி, சணல் கண்டு, சாக்குக் கட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, பத்து வருஷமாக இந்த ஊரே கெஞ்சின அந்த நாலடியை நாலு எட்டில் நடந்து, என் கடையின் இடதுபக்கம், மூடியிருந்த ஷட்டருக்கு முன்னால் வந்து நின்றாள். அந்தக் குழிந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அறையவில்லை.

"வெயிலு தாங்கல," என்றாள். "தூக்குங்க அண்ணாச்சி."

பூட்டு துருவேறிப் போயிருந்தது. சாவியைத் தேடவில்லை. கடப்பாரையை எடுத்து ஒரே நெம்பில் உடைத்து, இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன்.